கண் கேட்ட இசை: வரி மரமும் கிடாரும்

நம் சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதித் தருவது சமணக் காப்பியங்களைப் பற்றித்தான். இந்த முறை கிடாரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் சிரித்துவிட்டார். "ஐயா, உங்களுக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ஸ்வரம் பிடித்துச் சொல்லும் காதும் கிடையாது. ஆனால் மரம் தெரியும். கொல்கத்தாவுக்கு வந்த நாள் முதல் பிளைவுட், வெனீர் வியாபாரம். ஒரு தகட்டைக் கையில் எடுத்தால் அது என்ன மரம், எந்த வாக்கில் அறுத்தது என்று சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சென்ற பொங்கல் கழிந்து என் பேரனுக்குக் கிடார் வாங்க லால்பஜார் பக்கம் போனோம். ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருப்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஒரு கடையில் இரண்டு கிடார்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று சாதாரணப் பழுப்பு. இன்னொன்றின் முகம் முழுக்கப் புலித்தோல் மாதிரி அலை அலையாக வரி. பேரன் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைக்காரர், "தாதா, இது ஃபிளேம் மேப்பிள். சத்தம் தேன் மாதிரி இருக்கும். அதனாலதான் விலை கூட" என்றார்.

நான் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். வரி அசையவில்லை. உண்மையான வரி மரத்தைச் சாய்த்தால் வெளுத்த இடம் கறுக்கும், கறுத்த இடம் வெளுக்கும், அலை நகரும். இது நகரவில்லை. மரத்தின் மேல் ஒட்டிய அச்சுப் படம்! மறுபேச்சுப் பேசாமல் சாதாரணப் பழுப்பை வாங்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் பேரன் முகம் வாடியிருந்தது. டிராமில் உட்கார்ந்ததும் கேட்டான்: "தாத்தா, அது பொய் வரி. சரி. நிஜ வரியா இருந்தா நிஜமாவே நல்லா கேக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு பல மாதம் படித்ததும் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

வரி என்பது என்ன?

எங்கள் வியாபாரத்தில் இதை 'ஃபிகர்' என்போம். நம் ஊர்ப் பையன்கள் அந்தச் சொல்லை வேறு பொருளில் சொல்வார்கள். யோசித்தால் இரண்டும் கண்ணை இழுக்கும் சமாசாரம்தான்.

மரத்தின் நார்கள் பொதுவாக அடியிலிருந்து நுனிக்கு நேராக ஓடும். சில மரங்களில் அவை நெளிந்து நெளிந்து ஓடுகின்றன. அந்த மரத்தை அறுத்து இழைத்தால், நார் மேற்பரப்போடு படுத்திருக்கும் இடத்தில் ஒளி பட்டுத் திரும்புகிறது. நார் உள்ளே முங்கும் இடத்தில் ஒளியும் உள்ளே போய்விடுகிறது. முன்னது வெளுப்பாகவும் பின்னது கறுப்பாகவும் தெரிகிறது. சாயம் ஏதும் இல்லை, ஒளியின் வேலைதான். பார்க்கும் கோணம் மாறினால் வரியும் இடம் மாறுவது இதனால்தான். பட்டுப் புடவையைச் சாய்த்துப் பார்க்கும் பெண்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

இதில் பல சாதிகள் உண்டு. மேப்பிளை மையத்திலிருந்து ஆரவாக்கில் அறுத்தால் குறுக்கே புலிவரி வரும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பெரிய இலை மேப்பிளைப் படுக்கைவாக்கில் அறுத்தால், மெத்தை தைத்தாற்போல் உப்பல் உப்பலாகத் தெரியும். சில மேப்பிளில் பறவைக் கண் போலச் சின்னச் சின்னச் சுழிகள் கிடக்கும். ஹவாய்த் தீவின் கோவா மரத்திலும் அழகான அலை உண்டு. ஒரே தோப்பில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் ஒன்றுக்கு வரி இருக்கும், மற்றதற்கு இருக்காது.

கிடார் செய்பவர்கள் இப்படிப்பட்ட பலகையை நடுவே இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுவார்கள். இடப்பக்க வரிக்கு வலப்பக்க வரி கண்ணாடி நிழல் போல அமையும். கிடாரின் முதுகில் மயில் தோகை விரித்த மாதிரி ஒரு தோற்றம் கிடைப்பது இந்த வேலையால்தான்.

இது சுலபமான வேலையும் அல்ல. நெளிந்த நாரில் இழைப்புளி ஓடினால் பொட்டுப் பொட்டாகப் பிய்த்துக்கொண்டு வரும். கூரிய தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் வழவழப்பாக்க வேண்டும். விலாப்பலகையைச் சூட்டில் வளைக்கும்போது நேர் ரேகை மரம் வணங்கும், வரி மரமோ அலையின் மடிப்பில் படக்கென்று ஒடியும். ஆகவே நல்ல வரி மரத்தில் செய்த கிடாருக்குக் கூடுதல் விலை கேட்பதில் தவறில்லை. அது கைவேலைக்கான கூலி, அரிய பொருளுக்கான மதிப்பு. வியாபாரியாக இதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் ஆட்சேபம் அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது: "அதனால் நாதமும் உயர்ந்தது" என்ற வாக்கியத்தில்.

அட்டையில் ஒரு கிடார்

இன்றைய ஸ்பானியக் கிடாருக்கு உருவம் கொடுத்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கைவினைஞர் அந்தோனியோ தெ தொர்ரெஸ் (1817–1892). அல்மேரியாக்காரர். கிடாரின் உயிர் மேற்பலகையில், அதாவது நரம்புகள் தாங்கும் முகப்பலகையில்தான் இருக்கிறது என்பது அவர் கொள்கை. சொன்னதோடு நிற்கவில்லை. 1862ஆம் ஆண்டு முகத்துக்கு மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் பலகை வைத்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையால் செய்தார்! அந்தக் கிடார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. இரண்டு வருஷம் கழித்து, 1864ல், அதே தொர்ரெஸ் மேப்பிள் மரத்தில் அலங்காரம் மிகுந்த ஒரு கிடார் செய்தார். பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற பிரான்சிஸ்கோ தாரெகா இளமையில் வாங்கிப் பல்லாண்டு வாசித்த கிடார் அது. அட்டையில் செய்து காட்டிய அதே கை அழகு மரத்தையும் தேடி எடுத்தது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எது காதுக்கு, எது கண்ணுக்கு என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே இரண்டையும் கொடுத்தார்.

ஃபிளமெங்கோ ஆட்டக்காரர்களுக்கு வாசிக்கும் கிடாரோ, பெரும்பாலும் அந்நாட்டிலேயே கிடைத்த, வரி ஏதுமில்லாத வெளிர் சைப்ரஸ் மரத்தில் செய்யப்பட்டு வந்தது. ஏழை வாத்தியக்காரரின் மரம் என்று பெயர். அதன் துடிப்பான ஒலிதான் பிறகு அந்த இசையின் அடையாளமே ஆயிற்று.

தங்கப் பூச்சுக்கு அடியில்

அடுத்து அமெரிக்காவுக்கு வருவோம். வரி மரத்து மோகத்தின் தலைமை உதாரணம் அங்கே இருக்கிறது. கிப்ஸன் நிறுவனம் 1952ல் லெஸ் பால் என்ற மின் கிடாரை வெளியிட்டது. மஹோகனி உடம்பின் மேல் மேப்பிள் பலகை. அதன் மேல் தங்க நிறப் பூச்சு. பூச்சுக்கு அடியில் மேப்பிளுக்கு வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? யாரும் பார்க்கப் போவதில்லை. 1958ல் தங்கத்தை நிறுத்திவிட்டு, மரம் தெரியும்படி செர்ரிச் சிவப்பு ஓரமும் மஞ்சள் நடுவுமாகச் சாயம் கொடுத்தார்கள். அப்போதுதான் உள்ளே இருந்த மேப்பிள் வெளியே தெரிந்தது. சிலதில் நல்ல வரி, சிலதில் லேசாக, சிலதில் ஒன்றுமே இல்லை. வந்த பலகையை ஒட்டினார்கள். வரி உள்ளதற்குத் தனி விலையும் வைக்கவில்லை. அன்று அதன் விலை 250 டாலருக்கு உள்ளேதான். விற்பனை போதவில்லை என்று 1960களின் தொடக்கத்தில் அந்த வடிவத்தையே மாற்றிவிட்டார்கள்.

பிறகு பீட்டர் கிரீன், ஜிம்மி பேஜ் போன்றவர்கள் கையில் அது பேசத் தொடங்கியது. வெயில் பட்ட கிடார்களில் சிவப்புச் சாயம் வெளுத்து, வரி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இன்று அந்த மூன்று வருஷத்துக் கிடார்கள் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அதிலும் வரி உள்ளதற்கு ஒரு விலை, வரி இல்லாததற்கு வேறு விலை. ஒரே பட்டறை, ஒரே ஆண்டு, ஒரே அளவு. காதுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. 1985ல் மேரிலாந்தில் பால் ரீட் ஸ்மித் தம் நிறுவனத்தைத் தொடங்கியபோது வரி மேப்பிள் முகம் அதன் முத்திரையாகவே ஆனது. மிகச் சிறந்த வரிக்குத் தனித் தரமும் தனி விலையும் வந்தன. 1958ல் தற்செயலாக அமைந்தது ஒரு தலைமுறைக்குள் இலக்கணமாகிவிட்டது.

இருட்டில் வாசித்தவர்கள்

"சரி, யாராவது சோதித்துப் பார்த்தார்களா?" என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ரோஜர் பக்னால் என்ற கைவினைஞரைக் கொண்டு ஆறு கிடார்கள் செய்வித்தார்கள். எல்லாம் ஒரே அமைப்பு. முதுகும் விலாவும் மட்டும் வெவ்வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிடார் வாசிப்பவர்களை அழைத்து, மங்கலான அறையில், வெல்டிங் செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். 2018ல் வெளிவந்த முடிவு இது: ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். விலை கூடிய மரத்துக்கு மேலான மதிப்பு கிடைக்கவில்லை.

இந்தச் சோதனை மரத்தின் இனத்தைப் பற்றியது, வரியைப் பற்றியது அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதுகில் இனமே மாறினாலும் காது இவ்வளவு குறைவாகத்தான் உணர்கிறது என்றால், ஒரே இனத்துக்குள் நார் நெளிந்ததா நேரா என்பதைக் காது கண்டுபிடிக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மர அறிவும் அதைத்தான் சொல்கிறது. நெளிந்த நார் நீளவாக்கில் விறைப்புக் குறைந்தது. கைவினைஞர் கனத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிசெய்துகொள்வார். ஆகவே நாதம் நன்றாக இருந்தால் புகழ் அந்தக் கைக்குப் போக வேண்டும்.

பின்னே ஏன் இத்தனை பேர் வரி மரத்தில் இனிமையைக் கேட்கிறார்கள்? விற்பனைப் பேச்சைக் கவனித்தால் விடை கிடைக்கும். 'கதகதப்பான ஒலி', 'ஆழமான ஒலி', 'மின்னும் ஒலி' என்கிறார்கள். மின்னுவதும் ஆழமாகத் தெரிவதும் கண்ணின் அனுபவம். தேன் நிறத்தைப் பார்த்த வாய் தேன் ஒலி என்று சொல்லிவிடுகிறது. கண் கேட்டதைக் காதின் கணக்கில் எழுதுகிறோம். கணக்குப் பிள்ளை இப்படி எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கக் கூடாது. கையில் எடுத்தவுடன் மனம் மகிழ்ந்தால் ஆசையோடு வாசிப்போம், அதிக நேரம் வாசிப்போம், அதனால் நன்றாகவும் வாசிப்போம். இது உண்மை. என் பேரன் முகம் வாடியதை நானே பார்த்தேன். அழகுக்கு ஆதரவாக இதைவிட நல்ல வாதம் இல்லை. ஆனால் இது வாசிப்பவன் மனத்தைப் பற்றிய உண்மை, மரத்தின் நாதத்தைப் பற்றியது அல்ல. "பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் கூடுதல் விலை" என்று சொல்லி விற்றால் நான் கும்பிட்டு வாங்குவேன்.

பொய்யின் விலை காட்டுக்கு

இதில் என்ன பெரிய நஷ்டம், நாலு காசு கூடப் போகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். நஷ்டம் வாங்குபவனோடு நிற்பதில்லை.

பிரேசில் ரோஸ்வுட்டின் கரும் வரிகளைச் சிலந்தி வலை என்று கொண்டாடினார்கள். பிரேசில் முழுமரமாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்திய பிறகு, 1969 இறுதியில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் கிடார்களுக்கு நம் நாட்டு ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் அதே மரம். நேர் ரேகை, அடக்கமான நிறம். அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்தின் நல்ல கிடார்கள் எத்தனையோ நம் மலைமரத்தில் பாடுகின்றன. ஆனாலும் "இது கொஞ்சம் சாதாரணம்" என்ற முணுமுணுப்பு போகவில்லை. கண் பழைய சிலந்தி வலையையே தேடுகிறது. பிரேசில் மரம் 1992ல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. 2017 தொடக்கத்தில் அந்தக் குடும்பத்து மரங்கள் அனைத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில்தான் தளர்வு கிடைத்தது.

இன்னும் உறுத்தும் உதாரணம் கருங்காலி. கிடாரின் விரல்பலகை சுத்தக் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். டெய்லர் கிடார் நிறுவனம் 2011ல் ஒரு ஸ்பானிய நிறுவனத்தோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவின் கேமரூனில் கருங்காலி ஆலை ஒன்றை வாங்கியது. அங்கே போன பாப் டெய்லர் தெரிந்துகொண்டதைப் பலமுறை பொதுவில் சொல்லியிருக்கிறார். வெட்டிப் பார்க்கும் வரை உள்ளே கறுப்பா, பழுப்புக் கோடு ஓடியதா என்று தெரியாது. கோடு ஓடியதற்குச் சந்தை இல்லை. ஆகவே அதை வெட்டிய இடத்திலேயே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். ஒரு கறுப்பு மரத்துக்காகப் பத்து மரம் வரை விழுந்ததாம். அதன் பிறகு அவர் கோடு ஓடிய கருங்காலியையும் தம் உயர்ந்த கிடார்களில் வைத்தார். முதலில் முகம் சுளித்தவர்களும் பிறகு பழகிவிட்டார்கள். அழகாக இருக்கிறது என்றே சிலர் கேட்டு வாங்குகிறார்கள்.

இதைக் கவனியுங்கள். மேப்பிளில் கோடு இருந்தால் உயர்வு, கருங்காலியில் கோடு இருந்தால் குப்பை. இரண்டு தீர்ப்பும் கண்ணின் பழக்கம். இந்தப் பழக்கத்தை 'நாதம்' என்று பெயர் சூட்டி மறைத்துவைத்தால் யாரும் அதைக் கேள்வி கேட்க முடியாது. பழக்கம் என்று ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம். மாறினால் ஒன்பது மரம் பிழைக்கிறது.

சீவகன் பார்த்த யாழ்

காப்பியத்தைத் தொடாமல் என்னால் முடிக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டி. சீவகன் முன் யாழ்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவன் ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். இது நீரில் நின்று நைந்த மரம், இது இடி விழுந்த மரம், இது வெட்டுப் புண்பட்ட மரம் என்று காரணம் சொல்லுகிறான். வாத்தியத்தின் அலங்காரத்தைப் பற்றி அவனுக்கு அக்கறை இல்லை. அந்த மரம் என்ன பட்டது என்று பார்க்கிறான். கண்ணைப் பயன்படுத்தும் முறை இது. நல்ல கிடார் கைவினைஞர்களும் பலகையைத் தட்டி, வளைத்து, ரேகை பார்த்து இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வரியின் கவர்ச்சி அதற்குப் பிறகு வருவது.

ஒரு ஒப்புதல்

இத்தனை பேருக்கும் தீர்ப்புச் சொன்னவன் என் கணக்கையும் காட்ட வேண்டும். என் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் வரி விழுந்த தேக்கு வெனீரைத் தடவிப் பார்த்து, "இது ஸ்ட்ராங்கா இருக்குமா?" என்பார்கள். "ஆமாங்க, நல்ல ஸ்ட்ராங்" என்று எத்தனை வருஷம் தலையாட்டியிருப்பேன்! வெனீரின் கனம் அரை மில்லிமீட்டர். பலம் முழுவதும் அடியில் இருக்கும் பிளைவுட்டில். அவர்கள் அழகுக்காக வாங்கினார்கள், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு பலம் என்ற காரணத்தைத் தேடினார்கள். நான் அந்தக் காரணத்தை விற்றேன். எங்கள் சமண நெறியில் இல்லறத்தானுக்கு விதித்த ஐந்து விரதங்களில் பொய்யாமையும் உண்டு, மிகுபொருள் விரும்பாமையும் உண்டு. ஒரே தலையாட்டலில் இரண்டையும் மீறியிருக்கிறேன். லால்பஜார் கடைக்காரரிடம் அன்று சண்டை போட எனக்கு வாய் வராததற்குக் காரணம் இதுதான்.

இப்போது யாராவது கேட்டால், "பலம் ஒண்ணுதாங்க, இது பார்க்க அழகு, அதான் விலை" என்கிறேன். சிலர் சாதாரணத் தகட்டுக்கு மாறிவிடுகிறார்கள். பெரும்பாலோர் சிரித்துவிட்டு வரி விழுந்ததையே எடுக்கிறார்கள். அழகுக்கு வக்காலத்து தேவையில்லை என்பதை அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

பேரனுக்கும் பதில் சொல்லிவிட்டேன். "நிஜ வரியா இருந்தாலும் சத்தம் கூடாதுடா. ஆனா பார்க்க ரொம்ப அழகா இருக்கும். அதுவும் ஒரு சந்தோஷம்தான்." கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப நான் நல்லா வாசிக்கக் கத்துக்கிட்டா, அழகுக்காகவே ஒண்ணு வாங்கித் தருவீங்களா தாத்தா?" என்றான். தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். கடையில் அதைச் சாய்த்துப் பார்க்கும் வேலையை இந்த முறை அவன்தான் செய்ய வேண்டும்.